சூலமித்தியைக் கூப்பிடுதல்

2021 ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ரில் ரெலிபோன் அடித்தது. பரிமாறுகிற பொடியன் வெளியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். குசினிக்குள் இருந்து கையைத் துடைத்தபடி வந்து நான்தான் எடுத்தேன். வயதான பெண்ணின் குரல். எட்டு மணிக்கு இரண்டு பேருக்கு மேசை வேண்டும் என்றார். பெயரைக் கேட்டேன். சூலமித் என்றார். விளங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித் தந்தார். பிறகு, "கவிதையில் வருகிற அதே பெயர்தான்" என்றார். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நினைவூட்டுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். எங்களுடைய ஒருத்தி 'கண்ணகி, அந்தக் காப்பியத்தில் வருகிறவள்தான்' என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. நானும் ஓம், ஓம் என்று எழுதி வைத்தேன். எந்தக் கவிதை என்று எனக்குத் தெரியாது.

அவர் வந்தார், சாப்பிட்டார், போனார். நான் முகத்தைக் காணவில்லை. அவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவியிருப்பேன், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தமிழ் படித்துவிட்டுப் பாதியில் ஓடிவந்தவன் நான். தெரியாத கவிதை என்றால் இன்னும் அரிக்கும். லீவு நாளில் எங்கள் பகுதி நூலகத்தில் கேட்டேன். அங்கிருந்த பெண் நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துபோய் ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தார். ஒரு பக்கம் ஜேர்மன், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. போல் செலானின் கவிதைகள்.

கவிதையின் தலைப்பை 'மரண ஃபியூக்' என்று தமிழில் சொல்லலாம். ஃபியூக் என்பது மேற்கத்திய சங்கீதத்தில் ஒரு வடிவம். ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும். அது முடியுமுன் இன்னொரு குரல் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். அதன் பின்னால் இன்னொன்று. துரத்துவது போலவும் இருக்கும், ஓடுவது போலவும் இருக்கும். கவிதையில் பேசுகிறவர்கள் முகாமில் இருக்கும் யூதர்கள், 'நாங்கள்' என்றே பேசுகிறார்கள். பால்கூடக் கறுத்துப்போன இடம் அது. ஒரு வீட்டில் ஒருவன் இருக்கிறான். இருட்டினால் ஜேர்மனிக்குக் கடிதம் எழுதுகிறான். வெளியே வந்தால் நாய்களைக் கூப்பிடுகிறான், சிலரைக் குழி வெட்டச் சொல்கிறான், சிலரை வாத்தியம் வாசிக்கச் சொல்கிறான். இவற்றுக்கு நடுவில் இரண்டு பெண்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மார்கரேட்டேயின் தலைமயிர் பொன். சூலமித்தின் தலைமயிர் சாம்பல். கவிதை முடிவதும் அந்த இரண்டு பேரோடுதான். கடைசிச் சொல் சூலமித்.

எழுதியவரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1920இல் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்தவர். அப்போது அது ருமேனியா, இன்று உக்ரேன். வீட்டில் ஜேர்மன் பாஷை. தாய்க்கு ஜேர்மன் இலக்கியத்தில் பெரிய பிரியம். 1938இல் பிரான்சின் தூர் நகரத்துக்கு வைத்தியம் படிக்க வந்தவர், அடுத்த வருடம் லீவுக்கு ஊருக்குப் போனார். யுத்தம் தொடங்கியது. வைத்தியப் படிப்பு அத்தோடு சரி. (இதை வாசித்தபோது எனக்கு அவர் திடீரென்று ஊர்க்காரர் மாதிரி ஆகிவிட்டார்.) 1942இல் தாய் தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் முகாமில் இறந்தார், தாயைச் சுட்டார்கள். இவர் கட்டாய வேலை முகாம்களில் கிடந்து தப்பினார். உண்மையான குடும்பப் பெயரின் எழுத்துக்களை முன்பின்னாக மாற்றிப்போட்டு 'செலான்' என்ற பெயரைத் தானே செய்துகொண்டார். கவிதை முதலில் அச்சானது 1947இல், ருமேனிய மொழிபெயர்ப்பில், 'மரண ரங்கோ' என்ற தலைப்போடு. 1948இல் பாரிசுக்கு வந்தார். 1970 ஏப்ரலில் செய்ன் ஆற்றில் இறங்கினார். றுன்ஜிஸ் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் தியே இடுகாட்டில் இருக்கிறார். எங்கள் குசினிக்கு மரக்கறியும் மீனும் வருகிற பாதை அதுதான்.

இனிப் பெயருக்கு வருகிறேன்.

எபிரேய வேதத்தில் இந்தப் பெயர் ஒரே ஒரு வசனத்தில்தான் வருகிறது. உன்னதப்பாட்டு, 6ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். எபிரேயப் பதிப்புகளில் அதுவே 7ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். அந்த ஒரு வசனத்துக்குள் இரண்டு தடவை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதிலும், பெயருக்கு முன்னால் 'ஹ' என்ற சுட்டெழுத்து நிற்கிறது. எபிரேயத்தில் ஆளின் பெயருக்கு அதைப் போடுவதில்லை. ஆகவே இது பெயர்தானா என்பதே சண்டை. சூனேம் என்ற ஊர்க்காரி என்பது ஒரு கட்சி. தாவீது ராஜா கிழவனாகிக் குளிரில் நடுங்கியபோது சூடேற்றுவதற்கென்று தேடிப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட அபிஷாக் அந்த ஊர்ப் பெண்தான். அவள் பேசிய ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. அந்த ஊர் இன்றும் சூலம் என்ற பெயரோடு இஸ்ரேலின் வடக்கில் இருக்கிறது, அரபுக் கிராமமாக. சாலொமோன் என்ற ஆண் பெயருக்கு இது பெண்பால் என்பது இன்னொரு கட்சி. ஷாலோம் என்ற சொல்லின் வேர்தான் இரண்டுக்கும். சமாதானம், முழுமை. 'சமாதானத்தாள்' என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் இவள் சூலமித்தி. மொழிபெயர்த்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அந்த 'த்தி' எனக்குப் பிடிக்கிறது. குறத்தி, இடைச்சி, மலையாளத்தி என்கிற மாதிரி. தமிழ்க் காதுக்கு அது உடனே 'இன்ன இடத்தாள்' என்று கேட்டுவிடுகிறது. பெயர் கேட்டால் ஊரைச் சொல்கிற ஒருத்தி. பிரான்சில் மாநகரசபையிலும் பொலிஸ் கந்தோரிலும் என் மனைவியை அவளுடைய தகப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவளும் எழும்பிப் போகிறாள்.

தொல்காப்பியம் அகப்பாட்டில் ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. காதலிக்கிறவள் தலைவி, அவ்வளவுதான். பெயர் சொன்னால் அது புறம். உன்னதப்பாட்டும் ஏறத்தாழ அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அந்தத் தலைவி பேசாத தலைவி அல்ல. பாட்டில் பாதிக்குக் குறையாமல் அவள்தான் பேசுகிறாள். முதலில் வாய் திறப்பதும் அவள், கடைசியில் பேசுவதும் அவள். சகோதரர்கள் கோபித்துத் தோட்டக் காவலுக்கு விட்டதால் வெய்யிலில் கறுத்துப்போனேன் என்று சொல்கிறாள். இரவில் அவனைத் தேடித் தெருவில் இறங்குகிறாள். நகரக் காவலர்கள் இரண்டு தடவை அவளைக் காண்கிறார்கள். முதல் தடவை விட்டுவிடுகிறார்கள். இரண்டாந்தடவை அடித்துக் காயப்படுத்தி மேற்போர்வையைப் பறிக்கிறார்கள். இந்த இடத்துக்கு எத்தனையோ வியாக்கியானம் இருக்கிறது. சென்றியைக் கடந்து ரியூசனுக்குப் போய்வந்த எங்கள் பெண்பிள்ளைகளுக்கு வியாக்கியானம் தேவைப்படாது.

அவளைக் கூப்பிடுகிற வசனம்தான் நான் சொன்ன அந்த ஒரே வசனம். அதில் ஒரு வினைச்சொல் நான்கு தடவை வருகிறது: திரும்பு என்ற சொல். அவளைப் பார்க்க வேண்டும் என்று கூட்டம் கூப்பிடுகிறது. அவள் எங்கே போகிறாள், ஏன் போகிறாள், திரும்பினாளா என்பது சொல்லப்படவில்லை. எபிரேய வேதத்தில் சூலமித்தி என்ற சொல் இந்தக் கூப்பாட்டுக்குள் மட்டும்தான் உயிரோடிருக்கிறது. வேதத்தைப் பாடமாக்கியிருக்கும் ஒருவருக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்தில் 'திரும்பு' தானாகவே கேட்கும். செலானுக்கும் கேட்டிருக்கும். தகப்பன் அவரைச் சிறுவயதில் எபிரேயம் படிக்க விட்டிருந்தார்.

இவளை ஒரு பெண்ணாக இருக்கவிடாமல் செய்தவர்களில் செலான் முதலாள் அல்ல. யூத குருமார் இவளை இஸ்ரவேல் ஜனம் என்றும் காதலனைக் கடவுள் என்றும் வாசித்தார்கள். இந்தப் பாட்டை வேத எழுத்துக்களுக்குள் அதி பரிசுத்தமானது என்று சொன்ன றபி அக்கிவா அப்படித்தான் வாசித்திருப்பார். கிறிஸ்தவர்கள் இவளைச் சபையாக்கினார்கள். நாயகி பாவத்தில் வளர்ந்த எங்களுக்கு இது புதினமில்லை. ஒருத்தி ஒரு கூட்டமாக மாறுவதற்கு ஆயிரத்தெண்ணூறு வருடமாக ஒத்திகை நடந்திருக்கிறது. நாசிகளும் ஒரு பெண் பெயரை அப்படிப் பிடித்தார்கள். 1938 ஓகஸ்ட் 17ஆம் திகதி ஒரு சட்டம் வந்தது. தாங்கள் போட்ட பட்டியலில் இல்லாத பெயர் வைத்திருக்கும் யூதப் பெண் ஒவ்வொருத்தியும் 1939 ஜனவரியில் இருந்து தன் பெயரோடு 'சாரா' என்று சேர்க்க வேண்டும், ஆண்கள் 'இஸ்ரவேல்' என்று சேர்க்க வேண்டும். பிள்ளை கிடைக்கும் என்ற வாக்கோடு கடவுள் ஒரு கிழவிக்குக் கொடுத்த பெயர் சாரா. அதைக் கந்தோர் முத்திரையாக்கினார்கள்.

ஆகவே, கவிதையை முதல் தரம் வாசித்து முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவரும் அதைத்தானே செய்கிறார்? ஒருத்தி பொன் மயிரோடு ஜேர்மனி. ஒருத்தி சாம்பல் மயிரோடு யூத இனம். இரண்டு பேருக்கும் வாயில்லை. உன்னதப்பாட்டில் அவ்வளவு கதைத்தவளுக்கு இங்கே ஒரு சொல் இல்லை. 2009க்குப் பிறகு எங்களில் எழுதப்பட்ட கவிதைகளைப் பாருங்கள். பெண் என்றால் மண், அல்லது தாய், அல்லது கிழிந்த சேலை. பெயரோடு ஒருத்தியைக் காண்பது கஷ்டம். கவிஞர்கள் பெரிய துயரத்துக்குப் பெரிய பெண் ஒருத்தியைத் தேடுகிறார்கள். செத்தவள் சின்னப் பெண்ணாக, நகம் கடிக்கிறவளாக, கணக்கில் மட்டமானவளாக இருந்திருப்பாள்.

இந்தக் கோபத்தை மாற்றியது ஒரு வீட்டுச் சண்டை.

2022இல் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனைவி தன் தங்கச்சியின் பெயரை வைக்க விரும்பினாள். தங்கச்சி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போனவள். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. எனக்கு விருப்பமில்லை. பிறந்த பிள்ளையின் தலையில் நினைவுக்கல்லைத் தூக்கி வைப்பதா என்று கேட்டேன். ஊரில் இருந்து மாமியும் ரெலிபோனில், "அந்தப் பேரைச் சொல்லி இனி ஒரு பிள்ளையைக் கூப்பிட என்னாலை ஏலாது மோனை" என்று அழுதார். இந்த நாட்டில் பிறந்து 5 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மனைவி சொன்னாள்: "அந்தப் பேர் அவள் செத்தண்டு வைச்ச பேரில்லையப்பா. பிறந்தண்டு வைச்சது. பதினெட்டு வருசம் அந்தப் பேரிலை அவள் சிரிச்சவள், சண்டை பிடிச்சவள். நீங்கள் கடைசி நாளை மட்டும் ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

பதில் சொல்லத் தெரியாமல் இருந்தேன். பிறகு, வேலை முடிந்து கடைசி மெற்றோவில் வரும்போது, சூலமித்தையும் நான் கடைசி நாளில் மட்டும்தானே பிடித்திருக்கிறேன் என்று பட்டது. சாம்பலாவதற்கு முன்னால் இந்தப் பெயர் ஜேர்மன் பாஷையில் எப்படி வாழ்ந்தது? தேடத் தொடங்கினேன். கிடைத்தவை என்னை ஆச்சரியப்படுத்தின.

மார்கரேட்டே யார் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். கேதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் காதலனால் கைவிடப்பட்டு, பெற்ற பிள்ளையைக் கொன்று, மரண தண்டனை பெறுகிறவள். கேதே அந்த நாடகத்தின் முதல் வடிவத்தை எழுதிக்கொண்டிருந்தது 1775க்குச் சற்று முன்னும் அதை ஒட்டியும். அதே 1775இல் அவர் உன்னதப்பாட்டை ஜேர்மனில் மொழிபெயர்த்தார். அதாவது மார்கரேட்டேயும் சூலமித்தும் ஒரே இளைஞனின் மேசையில், ஒரே மைக்கூட்டில் இருந்து வந்திருக்கிறார்கள். செலானின் கவிதையில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் புது அதிர்ச்சியாக வாசித்தவன் நான். அது பழைய அயல் உறவு.

1806இல் டெசாவ் நகரத்தில் இரண்டு யூதப் படிப்பாளிகள் ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள். யூதர்கள் ஜேர்மன் பாஷையில் நடத்திய முதல் சஞ்சிகை அது. பண்பாட்டையும் மனிதத்தையும் வளர்ப்பது நோக்கம். அதற்கு வைத்த பெயர் 'சூலமித்'. சமாதானத்தாள். அயலவனோடு அவன் பாஷையிலேயே கதைத்தால் அவன் எங்களைத் தன்னவனாக ஏற்றுக்கொள்வான் என்ற நம்பிக்கை அந்தப் பெயருக்குள் இருந்தது. இடைக்கிடை நின்று, பிறகு வந்து, 1848 வரைக்கும் இழுத்தது. புகலிடத்தில் சஞ்சிகை நடத்திய எங்கள் ஆட்களுக்கு 42 வருடம் என்பதைக் கேட்டால் மயக்கம் வரும்.

அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1811இல், ரோமாபுரியில் இருந்த ஃபிரான்ஸ் ஃபோர் என்ற இளம் ஜேர்மன் ஓவியர் தன் நண்பர் ஓவர்பெக்குக்காக ஓர் இரட்டைப் படம் வரைந்தார். தலைப்பு 'சூலமித்தும் மரியாவும்'. ஒரு பக்கம் தோட்டத்தில் பிள்ளையோடு சூலமித். மறுபக்கம் வீட்டுக்குள் மரியா தன் கூந்தலைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். இரண்டு சிநேகிதர்கள் தங்களுக்கு வாய்க்கப்போகும் மனைவிமாரைக் கற்பனை செய்த விளையாட்டு அது. ஃபோர் அடுத்த வருடமே, 24 வயதில் செத்துப்போனார். ஓவர்பெக் அதே தலைப்பில் தான் தொடங்கிய படத்தை 1828இல்தான் முடித்தார். முடித்தபோது பெயரை மாற்றிவிட்டார்: 'இத்தாலியாவும் ஜேர்மானியாவும்'. கறுத்தக் கூந்தல் ஒருத்தி, பொன் கூந்தல் ஒருத்தி, கையைப் பிடித்துத் தலையைச் சாய்த்து இருக்கிறார்கள். அழகான படம்தான். ஆனால் சூலமித் என்ற பெயர் அதில் இருந்து அப்போதே கழன்று விழுந்துவிட்டது.

செலான் பிறந்த பக்கத்துக்குக் கிட்ட, யாஷி நகரத்தில், 1876இல் யித்திஷ் மொழி நாடகத்தைத் தொடக்கிவைத்தவர் ஆப்ரகாம் கோல்ட்ஃபாடன். அவர் 1880ஐ ஒட்டி எழுதிய இசை நாடகத்தின் பெயரும் 'சூலமித்'. எங்கள் ஊர்க் கொட்டகைக் கூத்துக்கு அப்படியே பொருந்துகிற கதை. பாலைநிலத்தில் கிணற்றுக்குள் விழுந்த பெண்ணை ஒருவன் தூக்கிவிடுகிறான். கிணறும் ஒரு காட்டுப்பூனையும் சாட்சியாகத் திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்கிறான். எருசலேமுக்குப் போய் மறந்து வேறொருத்தியைக் கட்டுகிறான். சாட்சிகள் விடவில்லை. ஒரு பிள்ளையைப் பூனை கடித்தது, மற்றதைக் கிணறு கொண்டது. கேட்கிறவனைக் கட்டாமல் இருக்கப் பைத்தியமாக நடித்துக்கொண்டு இவள் காத்திருக்கிறாள். கடைசியில் அவன் திரும்புகிறான். கவனித்தீர்களா, இங்கே 'திரும்பு' என்று கூப்பிடுகிறவள் சூலமித். வேத வசனம் தலைகீழாகிவிட்டது. அந்த நாடகத்தில் வந்த தாலாட்டு நாடகத்தை விடப் புகழ் பெற்று, கிழக்கு ஐரோப்பாவின் யூத வீடுகளில் தாய்மார் பாடுகிற பாட்டாகிவிட்டது.

இவ்வளவும் இருந்த பெயர்தான் 1940களில் செலானின் கைக்கு வந்தது. காதல், சமாதானம், ஜேர்மனியோடு சிநேகம், தாலாட்டு, திரும்பி வருதல் எல்லாம் அதற்குள் கிடந்தன. அவர் வெறும் இனக்குறி ஒன்றை எடுக்கவில்லை. ஜேர்மன் கலாச்சாரம் ஒருகாலத்தில் பக்கத்தில் உட்காரவைத்து அழகு பார்த்த ஒருத்தியை எடுத்து, அவளுடைய மயிர் என்ன ஆனது என்று அதே பாஷையில் காட்டினார். உன்னதப்பாட்டில் காதலன் அவளுடைய கூந்தலைக் கீலேயாத் மலையில் இறங்கிவரும் வெள்ளாட்டு மந்தைக்கு ஒப்பிடுகிறான். கறுப்பு, அசைவு, உயிர். அதைத் தெரிந்தவர் சாம்பல் என்ற சொல்லைக் கேட்கும்போது ஒரு மந்தை எரிந்ததும் கேட்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். உன்னதப்பாட்டின் தொடக்கத்தில் அவள் தன்னைக் கறுப்பி என்றும் அழகி என்றும் சொல்கிறாள். இரண்டையும் இணைப்பது 'வ' என்ற ஒற்றை எழுத்து. எபிரேயத்தில் அது 'உம்' ஆகவும் வரும், 'ஆனால்' ஆகவும் வரும். லத்தீன் வேதாகமம் 'ஆனால்' என்றது. தமிழ் வேதாகமமும் அந்தப் பக்கமே சாய்ந்தது, கறுப்பு ஒரு குறை என்று. ஓர் எழுத்தால் ஒருத்தியின் மானம் போகிறது. செலான் தன் கவிதையில் இரண்டு பெண்களையும் வரிக்கு ஒருத்தியாக அடுத்தடுத்து வைத்தார். இடையில் 'உம்' இல்லை. 'ஆனால்' இல்லை. 'வ' இல்லை. என்னைப் பொறுத்தவரை கவிதையின் முழுப் பலமும் அந்த இல்லாமையில் இருக்கிறது.

வாசித்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1950களில் ஜேர்மன் விமர்சகர்கள் சிலர் இந்தக் கவிதை பயங்கரத்தை விட்டு மேலே எழும்பித் தூய கவிதையாகிவிட்டது என்று புகழ்ந்தார்கள். பொன்னும் சாம்பலும் முடிவில் ஒன்று சேர்ந்துவிட்டன, இது மன்னிப்பு என்று வகுப்பில் படிப்பித்தார்கள். அதாவது தாங்களே ஒரு 'உம்' போட்டுக்கொண்டார்கள். கொன்றவர்களின் பிள்ளைகளுக்கு அது வசதியான எழுத்து. செலான் மனம் வெறுத்துப் பிற்காலத்தில் இதை மேடையில் வாசிப்பதை நிறுத்தினார், தொகுப்புகளுக்குக் கொடுக்கவும் மறுத்தார். அவர் இறந்து 18 வருடத்துக்குப் பிறகு, 1988 நவம்பர் 10ஆம் திகதி, பொன் நகரப் பாராளுமன்றத்தில் நினைவுநாளுக்கு நடிகை இடா ஏர அதை வாசித்தார். நினைவுநாள்களின் கவிதையாகிவிட்டது. எங்கள் மே மாதக் கூட்டங்களில் வருடாவருடம் அதே கவிதைகளை வாசிப்பது எப்படி ஆகிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

ஓவியர் அன்செல்ம் கீஃபர் மட்டும், என் அபிப்பிராயத்தில், அந்த இடைவெளியை மதித்தார். 1981இல் மார்கரேட்டேயின் பெயரில் வரைந்தார், 1983இல் 'சூலமித்' வரைந்தார். முன்னதில் வைக்கோலையே பொன் கூந்தலாக ஒட்டினார். பின்னதில் பெண்ணே இல்லை. நாசிக் கட்டிடக் கலைஞர் வில்ஹெல்ம் கிறைஸ் ஜேர்மன் போர்வீரர்களுக்கென்று திட்டமிட்ட நினைவு மண்டபம் அது. செங்கல் வளைவுகள் கரி பிடித்து ஒரு பெரிய சூளையைப் போல் உள்ளே போகின்றன. கடைசியில் ஏழு சிறு சுவாலைகள். மேல் மூலையில் சின்னதாகப் பெயர். நான் அதை அச்சில்தான் பார்த்தேன். 2021 டிசம்பரில் செலானுக்காகவே கீஃபர் செய்த கண்காட்சி எய்ஃபல் கோபுரத்துக்குப் பக்கத்தில் நடந்தபோது லீவு எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுச் சுவரை விடப் பெரிய துணிகள், அவற்றின் மேல் கையெழுத்தில் செலானின் வரிகள். சனம் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பெரிதாக இருக்கத்தான் வேண்டுமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. அந்தச் சின்ன எழுத்துப் பெயரே போதும் என்று நினைக்கிறேன்.

கவிதைக்கு வெளியே இந்தப் பெயரைச் சுமந்து நடந்த ஒருத்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. சூலமித் ஃபயர்ஸ்டோன். 1945இல் கனடாவில் பிறந்தவர். தாய் ஜேர்மனியில் இருந்து தப்பிவந்த யூதக் குடும்பத்தவர். அந்த வருடத்தில், அந்தத் தாய்க்கு, அந்தப் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். மகள் கடும் மத ஆசாரத்தை உதறி, 25 வயதில், 1970இல், 'பாலினத்தின் இயங்கியல்' எழுதினார். பெண் அடிமைப்படுவதன் வேர் பிள்ளை பெறுவதிலும் குடும்பத்திலும் இருக்கிறது என்றார். காதல் என்பதே பெண்ணை ஏமாற்றுகிற ஏற்பாடு என்று ஓர் அத்தியாயம். உலகத்தின் மிகப் பழைய காதல் பாட்டு ஒன்றின் நாயகி பெயரை வைத்துக்கொண்டு! தோழிகள் 'சூலி' என்று கூப்பிட்டார்களாம். பிறகு மனநோய், ஆஸ்பத்திரி, 1998இல் இன்னொரு சிறு புத்தகம். 2012 ஓகஸ்டில் நியூயோர்க்கில் தன் வீட்டில் தனியே இறந்து கிடந்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் ஒருவரின் சின்னமாகவும் இருக்க மறுத்தார்.

ஐந்தாம் நாள் மாநகரசபைக்குப் போய்ப் பெயரைப் பதிந்தேன், மனைவி சொன்ன பெயரைத்தான். அங்கிருந்தவர் ஓர் எழுத்தைக் குறைத்து எழுதினார். திருத்திக் கேட்டு வாங்கினேன். மாமி இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "குஞ்சு" என்கிறார்.

கவிதையைத் தமிழாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பாதியில் நிற்கிறது. தமிழில் இரண்டு பெயரை அடுத்தடுத்து வைத்தாலே கை தானாக 'உம்' போடுகிறது. அதை வெட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் சாம்பல். ஜேர்மனில் பொன்னுக்கும் சாம்பலுக்கும் ஒரே விகுதி வைத்து அவர் அடைமொழி செய்கிறார். நிறம் என்றும் எடுக்கலாம், பொருள் என்றும் எடுக்கலாம். 'சாம்பல் நிறக் கூந்தல்' என்றால் அது நரைத்த கிழவி. 'நீறு' என்றால் எங்களுக்குப் புனிதமாகிவிடும், சடையில் பூசின சிவன் வந்து நிற்பான். 'கூந்தல்' என்ற சொல்லே பூ வாசம் வீசுகிறது. அவுஷ்விட்சை 1945 ஜனவரியில் சோவியத் படை பிடித்தபோது வெட்டி மூட்டை கட்டிய தலைமயிர் ஏறத்தாழ 7 தொன் இருந்தது. அதைக் கூந்தல் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்கிற 'தலைமயிர்' தான் சரி என்று நினைக்கிறேன், தமிழ்நாட்டு நண்பர்கள் முகம் சுளித்தாலும். ஆனால் பொன் பக்கத்துக்கும் அதே சொல்லைப் போட்டால் வரி நொண்டுகிறது. ஜேர்மனியில் இருக்கிற, அந்தப் பாஷையில் பள்ளிக்கூடம் போன எங்கள் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால், அந்த அடைமொழி அவர்கள் காதில் நிறமாக விழுகிறதா, பொருளாக விழுகிறதா என்று சஞ்சிகைக்கு எழுதினால் நல்லது.